நடைப்பிணம் பேசுமா?

2024 ஜனவரியில், விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் வாரம். இரண்டாமாண்டு வகுப்பில் பின்வரிசை மாணவிகள் ஒரு கைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நான் அருகில் போனதும் ஒருத்தி கொஞ்சம் கூச்சத்தோடு அதை நீட்டினாள். எண்ணூரில் அமோனியா கசிந்த இரவு யாரோ எடுத்த காணொளி. தெருவிளக்கின் மங்கலில் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு மனிதர்கள் தள்ளாடி வருகிறார்கள். "அப்படியே ஜாம்பி படம் மாதிரியே இருக்குல்ல மேம்?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரவில் கூட்டமாகத் தள்ளாடி வருகிறவர்களுக்கு அவள் பார்த்த படங்கள் கற்றுக்கொடுத்த பெயர் அது ஒன்றுதான்.

முன்வரிசையிலிருந்து இன்னொருத்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அதுல எங்கம்மா இருக்காங்க."

அன்று நான் நடத்த வேண்டியிருந்தது மணிமேகலையில் உலகவறவி புக்க காதை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். ஒரு நிஜத் தாய் எப்படி ஜாம்பியாகத் தெரிகிறாள்? அந்தச் சொல் எங்கிருந்து வந்து எங்கள் வகுப்பறைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நான் போன வழி.

தெருவில் ஒரு சொல்

ஜாம்பி என்ற சொல் வருவதற்கு முன்பே எங்களிடம் நடைப்பிணம் இருந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில் நான் வளர்ந்த தெருவில் பாதிப் பெண்கள் காசிமேட்டு இறால் ஷெட்டுகளுக்குப் போகிறவர்கள். விடியுமுன் போய், ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்து, விரல்நுனி வெளுத்துச் சுருங்கி மதியத்தில் திரும்புவார்கள். எதிர்வீட்டு அக்கா தெருமுனையில் திரும்பும்போதே என் ஆயா சொல்லும்: "நடைப்பொணமாட்டம் வரா பாரு." சொல்லிக்கொண்டே டீத்தண்ணியை அடுப்பில் வைக்கும்.

அதே சொல்லைப் புருஷன் விட்டுப் போனவளுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அது பெரும்பாலும் பெண்ணுக்கே சொல்லப்பட்டது. உடம்பு வேலை செய்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று பொருள். அந்தச் சொல்லில் பயம் கிடையாது. பார்த்துப் பரிதாபப்படுகிற, ஒரு டம்ளர் டீ கொடுக்கிற சொல் அது. நடைப்பிணத்தைப் பார்த்து யாரும் கதவை அடைக்கவில்லை.

ஜாம்பியும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

கரும்புக் காட்டில் பிறந்தது

கரீபியன் கடலில் இன்று ஹைட்டி என்று அழைக்கப்படும் நிலம் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமிங்கு. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினார்கள், ஆலையில் பிழிந்தார்கள், இளம் வயதிலேயே செத்தார்கள். செத்தால் கடலைக் கடந்து மூதாதையர் மண்ணுக்குத் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. சாவுதான் விடுதலை என்றான இடத்தில் அதைவிடக் கொடிய பயம் எதுவாக இருக்கும்? செத்த பிறகும் விடமாட்டார்கள் என்பதுதான். யாரோ ஒரு மந்திரவாதி புதைகுழியிலிருந்து எழுப்பி, மறுபடி தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அப்படி எழுப்பப்பட்டவனுக்குப் பெயர் ஜாம்பி. அவன் யாரையும் கடிக்கமாட்டான். அவன் செய்வதெல்லாம் வேலை. கூலி கேட்க வாய் இல்லை, மறுக்க மனம் இல்லை. அந்த மக்கள் ஜாம்பியைக் கண்டு பயந்ததைவிட ஜாம்பியாக ஆக்கப்படுவதற்குப் பயந்தார்கள்.

1791இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் ஹைட்டி விடுதலை பெற்றது. ஆனால் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. சாலை போடக் கட்டாய உழைப்பு திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் போய்வந்த வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929இல் எழுதிய பயண நூலில், சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயலில் ஜாம்பிகள் வேலை செய்த கதை வருகிறது. அங்கிருந்துதான் சொல் ஹாலிவுட்டுக்குக் கப்பலேறியது.

கரும்பு என்றதும் எனக்கு நம்மவர்கள் ஞாபகம் வருகிறார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்குப் புதிய கைகள் வேண்டியிருந்தன. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அதே கரீபியன் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள். 1860இல் 'டுரூரோ' கப்பல் எங்கள் மதராஸ் கடற்கரையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டி மசூலா படகில் போய்த்தான் கப்பலேற வேண்டும். அங்கேயும் கரும்புதான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி பாரதி பாடியதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஹைட்டிக்காரர்கள் ஜாம்பி என்று பெயர் வைத்த நிலையை, அந்தப் பெண்களின் அழுகையைக் காற்றிடம் விசாரித்துப் பாரதி எழுதினார். இரண்டும் ஒரே சர்க்கரையின் கதை.

ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்தாள்

1930களின் நடுவில் ஹைட்டிக்குப் போன இன்னொரு அமெரிக்கர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். கறுப்பினப் பெண், மானுடவியல் கற்றவர், நாவலாசிரியர். 1938இல் வெளிவந்த அவருடைய 'டெல் மை ஹார்ஸ்' நூலில் ஃபெலிசியா ஃபெலிக்ஸ்-மென்டர் என்ற பெண்ணை மருத்துவமனையில் சந்தித்ததை எழுதியிருக்கிறார். 1907இல் செத்துப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவள். 1936இல் ஒருநாள் உடம்பில் துணியில்லாமல் சாலையில் நடந்துவந்து, ஒரு பண்ணையின் முன் நின்று, இது என் தகப்பன் நிலம் என்றாளாம். சகோதரன் அடையாளம் சொன்னான். கணவனுக்கு ஆள் அனுப்பினால் அவன் வரமாட்டேன் என்றான். அவன் அதற்குள் சின்ன அரசு உத்தியோகத்தில் இருந்தான். பழைய மனைவி அவனுக்குச் சங்கடம். மேலிடத்து வற்புறுத்தலால் வந்து, வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிப் போனான்.

ஹர்ஸ்டன் பார்த்தபோது அவள் சுவரோரம் ஒடுங்கி, துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அடிக்க வருகிறார்கள் என்று நினைப்பவள் போல. அவளைப் புகைப்படமும் எடுத்தார் ஹர்ஸ்டன். பிற்பாடு ஹைட்டியின் மருத்துவர் லூயி மார்ஸ், அவள் பழைய ஃபெலிசியாவே இல்லை, மனம் கலங்கித் திரிந்த வேறு யாரோ ஒரு பெண் என்றார்.

நான் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஃபெலிசியாவாக இருந்தால் என்ன, வேறொருத்தியாக இருந்தால் என்ன. வீடில்லாமல், துணியில்லாமல், அடிக்குப் பயந்து சாலையில் நடந்த பெண் ஒருத்தி இருந்தாள். ஊர் அவளை எந்தப் பெயரில் அழைப்பது என்று தேடியது. கிடைத்த பெயர் ஜாம்பி. தகப்பன் நிலம் என்று அவள் சொன்ன ஒரே வாக்கியத்தை யாரும் தொடர்ந்து கேட்கவில்லை. கேட்கப்போன ஹர்ஸ்டனும் 1960இல் வறுமையில் இறந்து, பெயர்ப்பலகை இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புல் மண்டிய அந்த இடுகாட்டில் தேடிப்போய்க் கல் நட்டார்.

வாயை மூடி, பல்லைக் கொடுத்தார்கள்

ஹாலிவுட்டின் முதல் ஜாம்பி படம் 1932இல் வந்த 'வைட் ஜாம்பி'. அதில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. ஜாம்பிகள் செக்கு மாதிரியான எந்திரத்தைச் சுற்றித் தள்ளுகிறார்கள். ஒருவன் தவறி அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஹைட்டியின் உண்மை அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. மீதிப் படம் ஒரு வெள்ளைக்கார மணப்பெண்ணைப் பற்றியது. அவளை அடைய ஆசைப்பட்ட தோட்டக்காரன் மந்திரவாதியைக் கொண்டு அவளை ஜாம்பியாக்குகிறான். பேசாத, மறுக்காத அழகான உடம்பு கிடைத்துவிடுகிறது. கிடைத்த பிறகு அந்த வெறும் கண்களை அவனாலேயே தாங்க முடியவில்லை. இந்தக் கதையைப் புரிந்துகொள்ள நமக்கு ஹைட்டி தேவையில்லை; நம் கல்யாணச் சந்தையே போதும்.

அடுத்த பெரிய திருப்பம் 1968இல், ஜார்ஜ் ரோமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. படத்துக்குள் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. ஆனால் இன்று நாம் அறிந்த ஜாம்பி அங்கேதான் பிறக்கிறது: செத்தவர்கள் எழுகிறார்கள், உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள், தலையில் சுட்டால்தான் விழுகிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் சிலர் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறார்கள். வெளியே கைகள் கதவைத் தட்டுகின்றன. அதற்குப் பிறகு வந்த நூறு படங்களில் இந்தத் தட்டல் சத்தம் கேட்டாலே நமக்கு வயிறு கலங்கும்.

அந்த மாற்றத்தைக் கவனியுங்கள். வேலை செய்ய வைக்கப்பட்டவன் இப்போது வேலை செய்வதில்லை, பசித்திருக்கிறான். முன்பு அவனை ஆட்டிவைத்த முதலாளி ஒருவன் கதையில் இருந்தான்; இப்போது அவனைக் காணோம். பசித்த கூட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முன்பு ஜாம்பியாக ஆகிவிடுவோமோ என்று பயந்தோம். இப்போது ஜாம்பி நம்மிடம் வந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். பயம் அடிமையின் குடிசையிலிருந்து சொந்த வீட்டுக்காரரின் வரவேற்பறைக்கு இடம் மாறிவிட்டது.

ரோமெரோ இதை அறியாதவரில்லை. அந்தப் படத்தில் இரவு முழுதும் போராடி உயிர்பிழைக்கும் ஒரே ஆள் பென் என்ற கறுப்பின இளைஞன். விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் ஜாம்பி என்று சுட்டுவிட்டு, பிணக் குவியலோடு எரிக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே வருடம் அமெரிக்கர்கள் இதைத் திரையில் பார்த்தார்கள். படத்தின் பெண் பார்பரா அண்ணனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் பேச்சிழந்து சோபாவில் உட்கார்ந்தேயிருக்கிறாள். 1990இல் ரோமெரோவின் திரைக்கதையிலேயே அதை மறுபடி எடுத்தபோது பார்பரா துப்பாக்கி ஏந்தினாள். பெண்ணுக்குக் கிடைத்த முன்னேற்றம், பலியிடத்திலிருந்து சுடுகிற இடத்துக்கு நகர்ந்தது. அது முன்னேற்றம்தானா என்று என் மாணவிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

காமிக்ஸின் கதை வேறு தடம். 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். அதில் நடைப்பிணங்களுக்கு இடமில்லை. 1971இல் விதி தளர்ந்து ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் திரும்பி வந்தபோதும் ஜாம்பிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மார்வல் கம்பெனி 'ஜுவெம்பி' என்று பெயரை மாற்றிப் போட்டுச் சமாளித்தது. பிறகு 2003இல் ராபர்ட் கிர்க்மனின் 'தி வாக்கிங் டெட்' கறுப்பு வெள்ளையில் தொடங்கி, 2019 வரை 193 இதழ்கள் வந்தது. அதன் தலைப்பில் இருக்கும் நடைப்பிணங்கள் யார்? ஒரு கட்டத்தில் நாயகன் ரிக் தன் கூட்டத்தாரைப் பார்த்து, நாம்தான் அது என்கிறான். அந்தக் கூட்டம் ஒரு சிறைச்சாலைக்குள் குடியேறி, தங்களை ஆள ஒரு குழு அமைக்கிறது. குழுவில் நால்வர், நால்வரும் ஆண்கள். உலகமே அழிந்து, சட்டம், கோர்ட், கம்பெனி எல்லாம் மண்ணாகிப்போன பிறகும் துணி துவைக்கிற வேலை பெண்களிடமே இருக்கிறது. ஜாம்பிக் கதை மனிதர்களைப் பற்றிச் சொல்லும் உண்மைகளில் இதை முதலில் வைப்பேன்: எல்லாம் அழிந்தாலும் கடைசியாக அழிவது இதுதான் என்று அந்தக் கதைக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நம் பிணங்கள் வாயாடிகள்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஜாம்பி வரவில்லை, வேதாளம் வந்தது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படம் பலருக்கு ஞாபகமிருக்கும்: வாளேந்திய விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் பிணம். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் வழியெல்லாம் பேசும். கதை சொல்லும். முடிவில் நியாயம் கேட்கும். தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று ராஜாவையே மிரட்டும். என் அண்ணன் வாடகைக்கு எடுத்துவரும் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும்விட எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. அங்கே செத்தது கேள்வி கேட்கிறது, ஆள்கிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழின் பேய்களும் ஊமைகள் இல்லை. காரைக்காலில் புனிதவதியின் கணவன், அவள் வரவழைத்த மாம்பழத்தைக் கண்டு மிரண்டு ஓடி, வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். தேடிப் போனவளின் காலில் விழுந்து தெய்வம் என்றான். வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. அந்தக் கணவனையும் ஹைட்டியின் அந்தக் கணவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். புனிதவதி தசையை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கினாள். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் உட்கார்ந்து பாடினாள். தமிழில் பெயர் நிலைத்த பெண் கவிகளில் அவளுக்கு முன்வரிசை. நடைப்பிணமாகப் போயிருக்க வேண்டியவள் பேயாகிக் கவிஞரானாள்.

கலிங்கத்துப்பரணியில் பேய்களின் பசி ஒரு முழு அதிகாரம். போர் முடிந்ததும் காளியின் பேய்கள் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. பரிமாறும்போது ஒவ்வொருவராக வருகிறார்கள்: குருட்டுப் பேய், கருவுற்ற பேய். ஊமைப் பேயும் வருகிறது. வாய் இல்லாததால் கையால் பசியைக் காட்டுகிறது. அதற்கும் வார்க்கச் சொல்கிறார் செயங்கொண்டார். இதைப் பெருமையாக மட்டும் சொல்லமாட்டேன். அந்தக் கூழ் தோற்றவர்களின் உடல். பரணி ஓர் அரசனின் வெற்றிப் பாட்டு. சமணப் பேய், புத்தப் பேய் என்று பிற சமயத்தாரைக் கேலி செய்யும் வரிகளும் அதில் உண்டு. நம் மரபு சுத்தம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பேச முடியாதவரின் பசியையும் பசி என்று அடையாளம் காணும் ஒரு கண் அங்கே இருக்கிறது.

அந்தக் கண் முழுதாகத் திறந்திருப்பது மணிமேகலையில். காயசண்டிகை ஒரு முனிவரின் நாவற்கனியைத் தெரியாமல் மிதித்துச் சிதைத்தாள், அதற்காகச் சாபம். பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் ஆறாப் பசி. எவ்வளவு தின்றாலும் அடங்காது. கணவன் காஞ்சனன் கொண்டுவந்து கொட்டும் பழமும் கிழங்கும் போதவில்லை. பிச்சை எடுத்துத் தின்னப் புகார் நகரத்துத் தெருக்களில் அலைகிறாள். ஆறாத பசியோடு, நாவில் அதைத் தவிர வேறில்லாமல், நகரத் தெருவில் அலையும் பெண். ஒரு ஹாலிவுட் இயக்குநரிடம் இந்த வரியைக் கொடுத்தால் அடுத்த காட்சியில் துப்பாக்கி வரும். சாத்தனார் அடுத்த காட்சியில் அமுதசுரபியை வைத்தார். ஆதிரை இட்ட முதல் பிச்சையோடு வந்த மணிமேகலை ஒரு பிடி சோறு இடுகிறாள். தீ அணைகிறது. காயசண்டிகை தன் கதையைச் சொல்கிறாள். முதலில் சோறு, பிறகு பேச்சு. பிற்பாடு மணிமேகலை அதே காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொண்டு போய், சிறைக்கோட்டத்தில் பசித்தோர்க்குச் சோறிடுகிறாள். அந்தச் சிறையை அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்டுப் பெறுகிறாள். ஊர் பயந்து ஒதுங்கிய பசிக்காரியின் முகத்தையே தன் முகமாகப் போட்டுக்கொண்ட ஒரு நாயகி உலகத்து ஜாம்பிக் கதைகளில் எங்காவது இருக்கிறாளா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிரம்மிலிருந்து கசிந்தது

2016 பிப்ரவரியில் தமிழுக்கு ஜாம்பி வந்தது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்'. மிருகமும் மனிதனும் சேர்ந்த சொல். தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டரில் என் அக்கா மகளோடு பார்த்தேன். ஊட்டியில் ரசாயனக் கழிவு கசிகிறது. ஒரு நாய் அதை நக்குகிறது. நாய் ஒருவரைக் கடிக்கிறது. தொற்று ஊரெல்லாம் பரவுகிறது. போக்குவரத்துக் காவலரான ஜெயம் ரவி துப்பாக்கி எடுக்கிறார். தங்கையைக் காப்பாற்ற வேண்டும். லட்சுமி மேனன் நடித்த மருத்துவரையும் காப்பாற்ற வேண்டும். அவர் மருத்துவர், மருந்து கண்டுபிடிக்கும் கூட்டத்தில் இருப்பவர். இருந்தாலும் படம் அவரைப் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டிய பெண்ணாகவே பார்க்கிறது.

படம் விறுவிறுப்பானது, நானும் நாற்காலி நுனியில்தான் இருந்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்துவரும்போது அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, அந்தக் கெமிக்கல் யாரோடது?" வடசென்னைப் பிள்ளை அல்லவா, அவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். கல்மண்டபத்திலிருந்து வடக்கே பஸ் ஏறினால் திருவொற்றியூர், மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அதைத் தாண்டினால் எண்ணூர்ச் சாம்பல். எந்த வாசனை எந்த ஆலையுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பிள்ளைகள் இங்கே உண்டு. படத்தின் கதை டிரம்மில் தொடங்குகிறது. தோட்டாக்கள் மட்டும் கசிவால் கெட்டவர்கள்மேல் பாய்கின்றன. டிரம்மை அனுப்பியவரைத் தேடி எந்தத் தோட்டாவும் போகவில்லை. ஹைட்டிக் கதையில் முதலாளி காணாமல் போன அதே இடத்தில், இங்கே ஆலைக்காரர் காணாமல் போகிறார்.

நான்கு வருடத்தில் நாங்களே அந்தப் படத்துக்குள் போனோம். 2020 மே மாதம் சென்னை மாநகராட்சி மண்டலங்களில் கொரோனாத் தொற்று அதிகம் ராயபுரத்தில். தினமும் மாலைச் செய்தியில் எங்கள் பெயர் முதலில் வரும். தெருமுனைகளில் தகரம் அடித்தார்கள். ஜன்னலுக்குப் பலகை அடிப்பதைத் திரையில் உள்ளிருந்து பார்த்துப் பழகியிருந்தோம்; இந்த முறை தகரத்தின் எந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்று சட்டெனப் புரிந்தது. வீட்டுவேலைக்குப் போய்வந்த எங்கள் தெருப் பெண்களை, ராயபுரமா, வரவேண்டாம் என்றார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் தெருவில் தொற்று ஏன் அதிகம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் உடம்பில்தான் ஏதோ இருக்கிறது என்பது போலப் பார்த்தார்கள்.

அதே ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. இரவோடு இரவாக வேறொரு இடுகாட்டில் சக மருத்துவர் மண்வெட்டி பிடித்துப் புதைக்க வேண்டியிருந்தது. இறந்தவரின் மனைவி விடவில்லை. கணவர் விரும்பிய கல்லறையில்தான் அவர் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் போனார். 2021இல் தீர்ப்பு வாங்கி, உடலை எடுத்துவந்து முறையாக அடக்கம் செய்தார். அந்த இரவில் கையும் கல்லுமாக ஓடிவந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள். பயத்தில் யோசனையை இழந்து, கூட்டமாகப் பாய்ந்த அவர்களை எந்தப் பெயரில் அழைப்பது?

அதனால்தான் 2016இல் வந்த 'ட்ரெயின் டு பூசான்' என்ற கொரியப் படத்தை மாணவிகளோடு மறுபடி பார்த்தேன். ரயிலில் தொற்றுப் பெட்டிகளைத் தாண்டிச் சண்டையிட்டு வந்தவர்களை, பத்திரமான பெட்டியில் இருப்பவர்கள் உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஜாம்பியாகிவிட்ட தன் சகோதரி நிற்பதைப் பார்க்கும் ஒரு முதியவள், மெதுவாக எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். எல்லோரும் சாகப்போகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் வகுப்பில் பாதிப்பேர் அழுதது அந்த முதியவளுக்காக. அந்தப் பெட்டியில் வெளியே நிற்பதை இன்னும் 'அவள்' என்று பார்த்தது அந்த ஒருத்திதான்.

கதவைத் தட்டிய கை

வகுப்புக்குத் திரும்புகிறேன். அந்தக் கைபேசிக்குப் பிறகு நான் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்களுக்குப் பிடித்த ஜாம்பி படத்தில் ஓரமாக நடந்துபோகும் ஒருத்தியைத் தேர்ந்தெடுங்கள். அவள் வாயால் ஒரு பக்கம் எழுதிவாருங்கள். ஜாம்பியைப் பேசவைத்தால் படம் எடுக்கவே முடியாதே என்று ஒருத்தி சிரித்தாள். அதுதான் விஷயம் என்றேன். பேச்சைப் பறித்த பிறகுதான் ஒருவரைக் கூச்சமில்லாமல் சுட முடியும். ஆகவே எந்தக் கதையையும் படிக்கும்போது, இதில் யாருடைய வாய் முதலில் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடிமையா, பசித்தவரா, நோயாளியா, ஆலைக்குப் பக்கத்துக் குடிசைக்காரியா?

எண்ணூர் மாணவி ஜாம்பியைப் பற்றி எழுதவில்லை. அம்மாவைப் பற்றி எழுதினாள். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாயிலிருந்து கசிவு. கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது. அதே மாதத் தொடக்கத்தில்தான் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடி, மீனவர்கள் அதைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது இது. ஊர் எழுந்து ஓடுகிறது.

அந்தக் காணொளியில் எல்லோரும் ஒரு பக்கம் ஓடும்போது ஒரு பெண் மட்டும் எதிர்த்திசையில் தடுமாறிப் போகிறாள். ஒரு கதவில் இரண்டு கையாலும் அடிக்கிறாள். அடுத்த கதவுக்குப் போகிறாள். அதிலும் அடிக்கிறாள். ஜாம்பி படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்த காட்சி. மாணவி எழுதியிருந்தாள்: "அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, கத்த முடியல. அதனால தட்டுனாங்க. உள்ள தூங்கிட்டிருந்தவங்கள எழுப்புறதுக்கு."

மறுநாள் முதல் அந்த ஊர்களின் பெண்கள் ஆலையை மூடச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவும் உட்கார்ந்தார். தொண்டை சரியானதும் மைக்கில் பேசினாராம். என்ன பேசினார் என்று மகளிடம் கேட்டேன். "நெறைய பேசினாங்க மேம்," என்றாள். "நேரம் இருந்தா சொல்றேன்."

அன்று மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.